முதல் வீட்டுக்காரியின் முடி

சுள்ளிக்குளத்தில் ஒரு தெரு எப்படிப் போக வேண்டும் என்பதை அந்தத் தெருவின் முதல் வீட்டுப் பெண்ணின் தலைமுடிதான் தீர்மானிக்கும். அவள் முடி நேராக இருந்தால் தெருவும் நேராகப் போகும். சடை பின்னினால் தெரு மூன்று சந்தாகப் பிரிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கி, ரிப்பன் கட்டிய இடத்தில் மறுபடி ஒன்றுசேரும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாட்களில் சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். இதில் யாருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை.

வாய்க்கால் தெருவின் முதல் வீட்டு மருமகள் வடிவு. மாமியார் இருந்தவரைக்கும் தெரு ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் கிடந்தது. அவர் மூத்த மகனோடு சென்னைக்குப் போனதும் பொறுப்பு வடிவுக்கு வந்தது. வடிவுக்குப் பிறவியிலேயே சுருட்டை முடி. பொறுப்பு வந்த பதற்றத்தில், மாமியார் விட்டுப்போன சீப்பை எடுத்து, காய்ந்த முடியை வறட்டு வறட்டென்று சீவினாள். அது சிலிர்த்துக்கொண்டு நாலா பக்கமும் எழும்பி நின்றது. தெருவும் அப்படியே நின்றது. பால்காரர் ஒரே வீட்டில் இரண்டு தடவை பால் ஊற்றினார். ஸ்கூல் வேன் யாருடைய கொல்லைக்குள்ளோ போய்ச் சொருகிக்கொண்டது.

அன்றைக்கே தெருக்காரர்கள் திரண்டு வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவர் தெருச் சங்கத் தலைவர் குற்றாலிங்கம். தெருவின் கடைசி வீடு அவருடையது. வருகிற வாரம் அவர் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கார் வீட்டு வாசல்வரை வந்தாக வேண்டும்.

வந்தவர்களில் பாதிப்பேர் வாய் திறப்பதற்கு முன்பே வடிவின் தலையில் கை வைத்துப் பார்த்தார்கள். தொடலாமா என்று ஒருத்தர் கேட்க வேண்டுமே! நாய்க்குட்டியைத் தொடுவதென்றால்கூட இது கடிக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் தொடுகிறோம். ஒருத்தி முடியை இழுத்துவிட்டு அது திரும்பச் சுருள்வதை வேடிக்கை பார்த்தாள். குற்றாலிங்கத்தின் மனைவி ஆவுடையம்மாள், டவுனில் ஒரு பார்லர் இருக்கிறது, அங்கே ஒரு தடவை நேராக்கிவிட்டால் பழைய சுருள் லேசில் திரும்பாது என்று நல்ல செய்தி சொல்வதுபோல் சொன்னாள். வடிவின் புருஷன் சுடலைமுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முடி உன்னோடதுதான் தாயி. ஆனா தெரு எங்களோடதுல்லா" என்றார் குற்றாலிங்கம்.

"அப்ப ஈரும் பேனும் யாரோடது அண்ணாச்சி? அதப் பாக்கதுக்கு ஒருத்தரும் வரலயே."

வடிவுக்கு அது கூடப் பிறந்த முடி. அதோடுதான் பள்ளிக்கூடம் போனாள், பரீட்சை எழுதினாள், கண்ணாடிக் கடையில் வேலை வாங்கினாள். பெண் பார்க்க வந்தவர்களும் அதைப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார்கள். இப்போது ஒரு கார் வருவதற்காக அதை இஸ்திரி போட வேண்டுமாம். கோளாறு முடியில் இல்லை, சீவிய லட்சணத்தில்தான் என்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டு வாங்கினாள்.

ஞாயிறு காலையில் ஆளிவிதையைத் தண்ணீரில் போட்டு, முட்டையின் வெள்ளைக்கரு பதத்துக்கு வரும்வரை காய்ச்சினாள். ஆறினால் துணியில் இறங்காது என்பதால் சூட்டோடேயே பழைய வேட்டித் துணியில் வடிகட்டினாள். தலையை அலசி, கண்டிஷனர் போட்டு, ஈரம் சொட்டச் சொட்டப் பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுத்தாள். தெருவில் கணுக்காலளவு தண்ணீர் ஓடியது. காயும்வரை யாரும் வாசலைத் தாண்டக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தாள்.

பிறகு முடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, ஆளிவிதைக் குழம்பைத் தடவி, ஒவ்வொரு கற்றையாக விரலில் சுற்றிச் சுற்றி விட்டாள். அவள் ஒரு கற்றையை விடும்போதெல்லாம் தெருவில் ஒரு பகுதி சுருண்டு உட்கார்ந்தது. எதிரெதிர் வீடுகள் பக்கத்து வீடுகளாயின. துண்டால் துவட்டினால் காரியம் கெட்டுவிடும். அதனால் சுடலைமுத்தின் பழைய பனியனால் ஒற்றி எடுத்தாள். தெருவில் தேங்கிய தண்ணீர் வற்றியது.

காயக் காய முடி விறைத்தது. தெரு அப்பளமாக மொறுமொறுத்தது. ஒரு நாய் நடந்ததற்கே நொறுக் நொறுக்கென்று சத்தம் கேட்டது. குற்றாலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு இறங்கி நாலு எட்டு நடந்தார். அவர் வீட்டு வாசலில் சுருள் பிரிந்து நார் நாராகத் தொங்கியது; வடிவின் தலையிலும் அதே கற்றை பிரிந்தது. வடிவு அவரை வாயார வாழ்த்திவிட்டு, அந்தக் கற்றையை மட்டும் நனைத்து மறுபடி விரலில் சுற்றினாள்.

நன்றாகக் காய்ந்தபின், உள்ளங்கையில் ரெண்டு சொட்டுத் தேங்காயெண்ணெயைத் தேய்த்து, முடியைக் கீழிருந்து மேலாகக் கசக்கிக் கசக்கி விட்டாள். மொறுமொறுப்புப் போய்த் தெரு மெத்தென்று ஆயிற்று. ஒவ்வொரு வளைவும் தனித்தனியாக, தெளிவாக விழுந்திருந்தது. எல்லா வீட்டுக்கும் காற்று வந்தது. மாப்பிள்ளை வீட்டார் காரை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார்கள். அது வளைந்து வளைந்து, எங்கும் உரசாமல், கடைசி வீட்டு வாசலில் போய் நின்றது. தெரு அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். முடியைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

மறுநாள் காலை வடிவு வேலைக்குக் கிளம்பும்போது குற்றாலிங்கமும் ஆவுடையம்மாளும் வந்தார்கள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு தாயி. காரும் அருமையா வந்துட்டுது. இருந்தாலும் கல்யாணம்னா, பாக்கதுக்கு ஒரு குடும்பப் பாங்கா இருக்க வேண்டாமா? ஒரு வாரத்துக்கு மட்டும் நேராக்கிட்டேன்னா போதும்" என்றார் குற்றாலிங்கம்.

ஆவுடையம்மாள் அதற்குள், முடியை நேராக்கும் மிஷினை வடிவு வீட்டுப் பிளக்கிலேயே சொருகிவிட்டிருந்தாள். அது சூடாகட்டும், முடித்துவிட்டு வேலைக்குப் போ என்று சொல்லிவிட்டு, கல்யாண வேலை கிடக்கிறதென்று இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். வளைந்து வளைந்து அவர்கள் கடைசி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தும்வரை வடிவு பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிளக்கைப் பிடுங்கினாள். இரண்டு கையாலும் முடி முழுவதையும் வாரி எடுத்து, முறுக்கி, இறுகக் கொண்டை போட்டு, கிளிப்பை மாட்டினாள்.

வாய்க்கால் தெரு கடைசியிலிருந்து எழும்பி, முறுக்கிக்கொண்டு வந்து, முதல் வீட்டுக்குப் பின்னால் ஒரே உருண்டையாக உட்கார்ந்தது. குற்றாலிங்கத்தின் வீடு நட்டநடுவில் உள்ளே போயிருந்தது. சுடலைமுத்து சாப்பாட்டுத் தூக்கை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தான்.

"உள்ள ஒரே இருட்டா இருக்கே தாயி" என்று உருண்டைக்குள்ளிருந்து குற்றாலிங்கத்தின் குரல் வந்தது.

"லைட்டப் போட்டுக்கிடுங்க அண்ணாச்சி. சாயங்காலம் வந்து அவுத்து விடுதேன்."

கொஞ்ச நேரத்தில் உள்ளே லைட் எரிந்தது. வடிவு பஸ்ஸுக்குப் போனாள்.