வேலிக்கு வெளியே மூன்று முறை

சுஜிதா மஸ்கட்டிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் காலை பதினொரு மணிக்குப் பேசுவாள். ஆஸ்பத்திரியில் அவளுக்கு அன்றுதான் விடுமுறை. பேச்சின் முதல் பாதி எப்போதும் அவள் கணவன் ஆலனுடையது.

"நேத்து ரெண்டு மணிக்கு வெளிய நாப்பத்தொண்ணு டிகிரி. உள்ள முப்பதே முப்பது. ஏ.சி. கிடையாது, வெறும் பேனுதான்."

"சரிங்க. யாராச்சும் வந்தாகளா?"

"கரண்டு பில்லு பாத்தியா, அனுப்புனேனே? நூறு யூனிட்டத் தாண்டல. காசே கட்ட வேண்டாம்."

"பாத்தேன். யாராச்சும் வந்தாகளான்னு கேட்டேன்."

வரவில்லை. எம்.ரெட்டியபட்டியைத் தாண்டி, சீமைக்கருவேலை வெட்டித் திருத்திய முக்கால் ஏக்கரில் ஆலன் வீடு கட்டிக் குடிவந்து ஐந்து மாதம் ஆகிறது. பால் காய்ச்சிய அன்று வந்தவர்கள் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்கள். டொக்கென்று வெறும் பெட்டிபோலக் கேட்டது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் வாசலை மிதிக்கவில்லை.

"இந்த மாசம் பதினஞ்சாம் தேதிக்குள்ள ஆஸ்பத்திரியில சொல்லணும்ங்க," என்றாள் சுஜிதா. "கையெழுத்துப் போட்டா இன்னும் ரெண்டு வருசம். போடலேன்னா ஜூன்ல கெளம்பி வந்துரலாம்."

"வந்துரு. அதுக்குத்தான கட்டுனது."

"இங்கயும் ஜன்னல் தொறக்க முடியாத ரூமுதாங்க. குளுகுளுன்னுதான் இருக்கு. ஒரு மனுசக் கொரல் கேக்காது. அங்க வந்தும் அப்பிடியே உக்காந்திருக்கவா? நாலு பேரு வந்து போற வீடா இருக்கணும்."

ஆலன் பதில் சொல்லவில்லை. வெப்பமானியைப் பார்த்தான். இருபத்தொன்பதரை.

அவன் பதினாறு வருடம் தூத்துக்குடியில் மீன் கம்பெனிகளுக்குக் குளிர் அறை பொருத்தியவன். வெளியே தார் உருகும், உள்ளே மூச்சு புகையும். இடையில் இருப்பது அரையடிப் பலகை மட்டும். குளிரை உள்ளே நிறுத்தும் பலகை வெயிலை ஏன் வெளியே நிறுத்தாது என்று அவனுக்கு ரொம்ப நாளாகவே ஒரு யோசனை. அதே மாதிரிப் பலகை வீட்டின் சுமையைத் தாங்கும் வகையிலும் வருகிறது என்று தெரிந்ததும் அதிலேயே வீடு கட்ட முடிவு செய்துவிட்டான்.

அந்தச் சுவரின் சங்கதி எளிதுதான். இரண்டு சிமெண்ட் பலகைகள். நடுவே நாலங்குலத்துக்கு இறுக்கமான தெர்மாகோல். மூன்றையும் பசை போட்டு அழுத்தி ஒன்றாக்கியிருப்பார்கள். அது எப்படிக் கூரையைத் தாங்கும் என்று கேட்டால், ஓர் அட்டைப்பெட்டியின் பக்கத்தைக் கிழித்துப் பார்க்க வேண்டும். வெளித்தாள் தனியாக இருந்தால் மடங்கும். உள்தாளும் மடங்கும். நடுவில் நெளிநெளியாக ஒரு தாள் இரண்டையும் விலக்கிப் பிடித்திருப்பதால்தான் அந்தப் பெட்டிமேல் ஒரு ஆள் உட்கார முடிகிறது. இங்கே தெர்மாகோல் விலக்கிப் பிடிக்கிறது, பலகைகள் சுமக்கின்றன. தெர்மாகோலுக்குள் அடைபட்ட காற்று அசையாது. அசையாத காற்று சூட்டை எளிதில் கடத்தாது.

இந்தப் பூமிக்கு அதில் வேறு லாபங்களும் உண்டு. கரிசல் மண் மழைக்கு உப்பிப் பெருக்கும், கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். சரளை தட்டுகிற ஆழம் வரை தூண்கால்களை இறக்கித்தான் வீட்டை நிறுத்த வேண்டும். வீட்டின் எடை குறைந்தால் கால்களும் குறைவு. ஷேர் ஆட்டோ ஓட்டும் உக்கிரபாண்டி செங்கல் வீடு கட்டியபோது, சூளையிலிருந்து லாரி லாரியாகக் கல் இறங்கியது. சுவர் நனைக்க மட்டும் டேங்கர் வண்டி இருபது நடை வந்து போனது. குடிக்கவே குடம் வரிசையில் நிற்கிற ஊரில் இருபது நடை. ஆலனுக்கு அடித்தளத்துக்கு மூன்று நடை போதுமாயிருந்தது. பலகை விலை கூடுதல்தான். ஆனால் சுவரும் கூரையும் ஒன்பது நாளில் நின்றன. ஒன்பது நாள் கூலியோடு போயிற்று.

இப்படிப்பட்ட வீட்டுக்கு எதிரி சந்து. பலகையும் பலகையும் சேரும் இடத்தில் மயிரிழை விட்டாலும் அனல் அந்த வழியே நுழைந்துவிடும். ஆலன் கொசுவர்த்தியைக் கொளுத்தி ஒவ்வொரு இணைப்பின் ஓரமாகவும் பிடித்துக்கொண்டு நடந்தான். புகை நேராக ஏறினால் சரி. சாய்ந்தால் அங்கே சந்து இருக்கிறது, அடைக்க வேண்டும். இரண்டு வாரம் அப்படி அடைத்தான். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. மூச்சு முட்டாமல் இருக்க, கெட்ட காற்றை வெளியே இழுக்கும் சின்ன விசிறி ஒன்று எந்நேரமும் ஓடும். காலை எட்டு மணிக்கு எல்லாவற்றையும் மூடினால், இருட்டி வெக்கை அடங்கிய பிறகுதான் திறப்பான். அதற்குள் ஊர் படுத்துவிடும்.

பத்தாம் தேதி, புதன்கிழமை, அவன் பைக் பஞ்சர். அருப்புக்கோட்டையில் ஒரு பிரிட்ஜைப் பழுதுபார்த்துவிட்டு உக்கிரபாண்டியின் ஷேர் ஆட்டோவில் ஏறினான். உள்ளே தவிட்டு மூட்டையோடு பொன்னுத்தாய் இருந்தாள். அடுத்த புஞ்சைக்காரி, எட்டு ஆடு வைத்திருப்பவள். அவனைப் பார்த்ததும் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஏலே, ஐஸ்பெட்டிக்காரன் வந்துட்டான்டோய்!" என்றான் உக்கிரபாண்டி. "தள்ளி உக்காருங்க, உருகிருவான்."

ஆலன் சிரிக்கப் பார்த்தான். "என்னக்கா, நல்லா இருக்கீகளா?"

"எங்கள எல்லாம் ஒனக்குத் தெரியுதா?" அவள் திரும்பவே இல்லை.

"என்னக்கா இப்பிடிச் சொல்றீக?"

"பெறகு எப்பிடிச் சொல்ல? பொங்கலுக்குக் கரும்போட வந்து நின்னேன். மூணு தடவ கூப்ட்டேன். மருமகளுக்கு வளகாப்புன்னு சொல்ல வந்தேன், அன்னைக்கும் மூணு தடவ. வண்டி வாசல்ல நிக்கிது, ஆளு உள்ள இருக்க, ஏன்னு ஒரு வார்த்த கேக்கல. மூணு தடவைக்கு மேல கூப்புட நான் என்ன பிச்சைக்கா வந்தேன்?"

"நானுந்தான்டா வந்தேன்," என்றான் உக்கிரபாண்டி முன்னாலிருந்து. "எங்க வீட்டுப் பிரிட்ஜு கெட்டுப் போச்சு. கத்திக் கத்தித் தொண்ட காஞ்சு போச்சு. துட்டு வந்தா காதும் அடைச்சுரும் போலன்னு போயிட்டேன்."

ஆலனுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தப் பக்கம் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். வேலிப் படலுக்கு வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மூன்று முறை. பதில் இல்லையென்றால் வேண்டாம் என்று அர்த்தம். அவனும் அப்படிக் கூப்பிட்டு வளர்ந்தவன்தான். கொசுவர்த்தியோடு அலைந்த இரண்டு வாரத்தில் இது ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை.

"அக்கா, சத்தியமாக் கேக்கலக்கா. ஒரே ஒரு தடவ வந்து கூப்ட்டுப் பாருங்க. நான் உள்ள நிக்கிறேன்."

"ஆமா, இவன் வெளாட்டுக்கு நான் ஆளு," என்றாள். ஆனாலும் வந்தாள், இரண்டு மணி வெயிலில், ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு.

ஆலன் கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நின்றான். படலுக்கு வெளியே பொன்னுத்தாய் முந்தானையை உதறித் தோளில் போட்டாள். தலையைப் பின்னால் சாய்த்தாள். வாய் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ஆடுகள் திடுக்கிட்டுத் திரும்பின. வீட்டுக்குள் விசிறியின் மெல்லிய உறுமலைத் தவிர ஒன்றுமில்லை. இரண்டாம் முறையும் வாய் திறந்து மூடியது. மூன்றாம் முறையும்.

காற்று நுழையும் சந்து வழியாகத்தான் குரலும் முக்கால்வாசி நுழைகிறது. காற்றை நிறுத்தியவன் குரலையும் நிறுத்திவிட்டான். ஐந்து மாதமும் அந்த வாய்கள் இப்படித்தான் திறந்து மூடியிருக்கின்றன.

ஓடிப்போய்ப் படலைத் திறந்தான். உள்ளே கால் வைத்ததும் பொன்னுத்தாய் நின்றுவிட்டாள்.

"ஆத்தாடி, என்னடா இது, மார்கழி மாசங்கணக்கா இருக்கு!" சுவரில் உள்ளங்கையை வைத்தாள். "ஈரம் போட்டு வச்சிருக்கியா?"

"இல்லக்கா. வெயிலு உள்ள வரல, அவ்ளோதான்." விளக்கத் தொடங்கினான். அட்டைப்பெட்டிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"அதெல்லாம் சரி. நாளைக்கு நான் வந்தா ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"பெல்லு வச்சுர்றேன்க்கா. படல்லயே."

"பெல்ல அமுக்கிட்டு நிக்க நான் என்ன கொரியர்காரியா? கூப்புடுறதுன்னா கூப்புடணும்."

அவள் போன பிறகு ஆலன் சுவரை அளந்து பார்த்தான். பெரிய ஜன்னல் வெட்டுவதென்றால் சுமை மாற மேலே உத்தரம் கொடுக்க வேண்டும். கையகல ஓட்டையென்றால் சுவர் ஒன்றும் சொல்லாது. ரோட்டைப் பார்த்த சுவரில், காது உயரத்தில், கட்டம் வரைந்தான். வாளை வைத்தபோது தன் கையே தன்னைத் தடுப்பதுபோல் இருந்தது. தெர்மாகோல் வெள்ளைத் துகளாகப் பறந்து தரையெல்லாம் உருண்டது. ஓட்டைக்குக் கொசுவலை அடித்து முடித்தபோது வெப்பமானி ஒன்றரை டிகிரி ஏறியிருந்தது.

மறுநாள் மாலை அந்த ஓட்டை வழியே முதன்முறையாக ஒரு குரல் வந்தது. "ஏலே ஆலன்! இருக்கியா, உருகிட்டியா?" உக்கிரபாண்டி பிரிட்ஜை ஆட்டோவிலேயே ஏற்றிக்கொண்டு வந்திருந்தான்.

வெள்ளிக்கிழமை ஆலன் பத்தே முக்காலுக்கே போனைக் கையில் எடுத்துக்கொண்டான். இந்த முறை வெப்பக் கணக்கு இல்லை. கரும்பு, வளைகாப்பு, மூன்று தடவை, ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்த வாய், சுவரில் வெட்டிய ஓட்டை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். "அஞ்சு மாசமா வந்திருக்காக சுஜி. எனக்குத்தான் கேக்கல. ரெண்டு பேரு நேத்தும் முந்தாநாளும் உள்ளயே வந்து உக்காந்தாக."



"நேத்துக் கையெழுத்துப் போட்டுட்டேங்க," என்றாள்.

"பதினஞ்சுவரைக்கும் இருக்கே?"

"யாராச்சும் வந்தாகளான்னு கேட்டதுக்கு நீங்க போன வாரமும் ஒண்ணும் சொல்லல. அதுதான் பதிலுன்னு நெனச்சேன்."

"ரெண்டு வருசமா?"

"ரெண்டு வருசம்."

அவன் சுவரில் சாய்ந்தான். கொசுவலை வழியே ஆட்டுக் கழுத்து மணியும், யாரையோ திட்டிக்கொண்டே போகும் பொன்னுத்தாயின் குரலும் வந்தன.

"என்னங்க அது சத்தம்?"

"பொன்னுத்தாய் அக்கா. ஆட்ட ஏசுது."

"கொஞ்சம் கிட்டப் பிடிங்க."

போனை ஓட்டையருகே பிடித்தான். ஆடுகள் ரோட்டைத் தாண்டும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். கை கடுத்தது.

"அந்த ஓட்டைய அடைச்சுராதீக," என்றாள் சுஜிதா. பிறகு போனை வைத்துவிட்டாள்.

ஆலன் அலமாரியிலிருந்து கொசுவர்த்தியை எடுத்துக் கொளுத்தினான். ஓட்டைக்கு முன்னால் பிடித்தான். புகை ஒரு கணம் நேராக ஏறியது. பிறகு வீட்டுக்குள் சாய்ந்தது. சாய்ந்தபடியே இருந்தது. சுருள் பாதி எரியும்வரை அவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.