சனிக்கிழமை வரைதான் கார்

காரிலிருந்து கழற்றிய பாகங்களை மெக்கானிக் மாஸ்டர் என்சியா ஒரு சாக்கின் மேல் பரப்பி வைத்தார். இரும்போடு இரும்பு உரசாமல் தாங்கும் ரப்பர் புஷ்கள், வெடித்துப்போனவை. எண்ணெய் கசிந்த ஷாக் அப்சார்பர் இரண்டு. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த பால் ஜாயிண்ட் ஒன்று.

"பாருங்க அக்கா. கிழவன் பல்லு மாதிரி ஆடுது."

அச்சியா பார்த்தாள். கறுப்பு உடுத்தியிருந்தாள். கணவர் டாங்குவா இறந்து ஏழு வாரம். ஊர் வழக்கப்படி உடல் இன்னும் ஆஸ்பத்திரிக் குளிர் அறையில் இருந்தது. சனிக்கிழமை அவருடைய சொந்த ஊரில் அடக்கம். குமாசி நகரிலிருந்து உடல் போகும் வண்டிக்குப் பின்னால் இந்தக் காரை அவள்தான் ஓட்டிப் போக வேண்டும், மகள் செர்வாவை ஏற்றிக்கொண்டு.

"போன வருஷமே அண்ணன்கிட்ட சொன்னேன். 'அடுத்த மாசம் மாஸ்டர், அடுத்த மாசம்'னார்."

"சொல்லியிருப்பார்."

"மாத்தட்டுமா, இல்ல இதையே திருப்பிப் பூட்டட்டுமா?"

அவள் பதில் சொல்லுமுன் பெஞ்சில் இருந்த அடோமாக்கோ எழுந்து வந்தான். டாங்குவாவின் அக்காள் மகன். அடக்கம் முடிந்ததும் கார் அவனுக்கு. குல முறைப்படி சொத்து பெற்ற மகளுக்கு இல்லை, தாய் வழியில் வந்த மருமகனுக்குத்தான் என்று குடும்பப் பெரியவர்கள் முதல் வாரத்திலேயே பேசி முடித்துவிட்டார்கள். கார் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்திருந்தான்.

"எதுக்கு அத்தை வீண் செலவு? ஒரே ஒரு பயணம். மெதுவா ஓட்டினா போச்சு. அப்புறம் நான் பாத்துக்கிறேன்."

"தம்பி எதுல வர்றீங்க?" என்று மாஸ்டர் கேட்டார்.

"நானா? பெரியவங்களோட பஸ்ல."

"அதானே பாத்தேன்."

"மாத்தித்தான் ஆகணும்னா வெளிநாட்டுல கழட்டி கப்பல்ல வர்ற பழசைப் போடுங்க. வெள்ளைக்காரன் ரோடு கண்ணாடி மாதிரி. அதுல ஓடினது தேயாது."

"ஊரே இதைத்தான் சொல்லுது. இரும்புன்னா சரி. ரப்பர் தேயறதுக்கு ரோடே வேண்டாம் தம்பி, சும்மா கெடந்தாலே வயசாயிடும். வேலை வெட்டி இல்லாத ஆம்பளை மாதிரி."

பக்கத்துப் பட்டறையில் யாரோ கெக்கெக்கே என்று சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய பேச்சு என்று அச்சியாவுக்கும் தெரிந்தது. முகம் அசையவில்லை.

"இதையே பூட்டினா என்ன ஆகும் மாஸ்டர்?"

"ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம். போற வழியில மாம்போங் ஏத்தத்துல ஒரு குழியில இறங்கினா, சக்கரம் ஒரு பக்கம் போகும், நீங்க ஒரு பக்கம் போவீங்க."

"சரி."

"என்னக்கா சரி? பயமா இல்ல?"

இல்லை. ஏழு வாரமாக எதுவும் இல்லை. செர்வா பின் சீட்டில் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குவதை நினைத்துப் பார்த்தாள். ஒன்பது வயது. அப்போதும் பயம் வரவில்லை. பயப்பட வேண்டிய இடம் இது என்பது மட்டும் தெரிந்தது. அது போதும் என்று எடுத்துக்கொண்டாள்.

"மாத்த வேண்டாம்."

"அப்பாடா," என்றான் அடோமாக்கோ. "இவ்வளவு நேரம் நான் என்ன சொல்லிட்டு இருந்தேன்?"

"பூட்டிட்டு சாவியை இவன்கிட்ட குடுத்துடுங்க மாஸ்டர். நாங்க பஸ்ல போறோம்."

"அத்தை! மாமா பின்னால மாமா கார் வரலைன்னா ஊர்ல என்ன பேசுவாங்க?"

"கார் வரும். நீ ஓட்டிட்டு வா. பஸ்ல உன் இடம் எங்களுக்கு."

"நானா? சாவியை சனிக்கிழமைக்கு அப்புறம் குடுத்தா போதுமே."

"இன்னைக்கே வாங்கிக்கோ. உன் கார்தானே?"

அடோமாக்கோ சாக்கைப் பார்த்தான். குனிந்து பால் ஜாயிண்டை எடுத்தான். ஆட்டினான். இன்னொரு முறை ஆட்டினான். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"மாஸ்டர்... வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமா?"

"எது, பூட்டுறதா? இப்பவே முடியும்."

"மாத்துறது. எல்லாத்தையும். என் கணக்குல."

"கப்பல்ல வந்தது?"

"புதுசு மாஸ்டர், புதுசு!"

"அப்படிச் சொல்லுங்க," என்று மாஸ்டர் சிரித்தார். பிறகு அவள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, எல்லாம் புதுசாயிடும். இனி நீங்களே ஓட்டிட்டுப் போகலாமே. அண்ணன் இருந்த சீட்டு."

"இல்ல மாஸ்டர். குடுத்தாச்சு."

காரின் பின்கதவைத் திறந்தாள். செர்வாவின் பள்ளிக்கூட ஸ்வெட்டரை எடுத்தாள். முன்னால் கணவருடைய மூக்குக்கண்ணாடி கிடந்தது. அதையும் எடுத்துக் கைப்பையில் போட்டாள். வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். ஒன்றும் இல்லை. கதவைச் சாத்தினாள். சரியாக மூடவில்லை; இன்னொரு தடவை சாத்தினாள்.

வீட்டுக்குப் போகும் மினிபஸ் நிறுத்தத்தில் வரிசை நீளமாக இருந்தது. கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றாள்.