நாற்பத்தெட்டு விநாடி

பொன்னந்தி முதியோர் இல்லத்தின் வரவேற்பறையில், மீன்தொட்டிக்கு மேலே, ஒரு திரை தொங்கியது. 'அழைப்பு மணிக்கு நாங்கள் வந்து சேரும் இன்றைய சராசரி நேரம்: 48 விநாடி' என்று அது நாள்தோறும் அறிவித்தது. தீயணைப்புப் படையே வெட்கித் தலைகுனிய வேண்டிய வேகம். பெற்றோரைச் சேர்க்க வரும் பிள்ளைகள் அதைப் படித்து, மனம் குளிர்ந்து, கையெழுத்திட்டுவிட்டு, கார் ஏறி மெல்பர்னுக்குத் திரும்பிவிடுவார்கள்.

பதினான்காம் அறையில் மனைவி டோரீனுடன் தங்கியிருந்த மெர்வின் டக்கெட்டுக்கோ அந்தத் திரையைக் கண்டாலே இரத்தக் கொதிப்பு ஏறும். முப்பத்தெட்டு ஆண்டுகள் இரயில்வேயின் சிக்னல் அறையில் மணியோசைக்குப் பதில் சொல்லியே வாழ்ந்தவர் அவர். இந்த இல்லத்தில் மணிக்குப் பதில் சொல்லும் முறையே தனி. டோரீன் பொத்தானை அழுத்துவாள். கதவுக்கு வெளியே சிவப்பு விளக்கு எரியும். பணிப்பெண் ஓடி வருவாள். சுவரிலுள்ள பச்சைப் பொத்தானைத் தட்டி மணியை அணைப்பாள். "ரெண்டே நிமிஷம், கண்ணு" என்று சொல்லி மறைந்துவிடுவாள். கணினியைப் பொறுத்தவரை அழைப்பு அத்துடன் முடிந்தது. டோரீனின் சிறுநீர்ப்பையைப் பொறுத்தவரை அது அப்போதுதான் தொடங்கியது.

இடுப்பெலும்பு முறிந்து தேறியவள் டோரீன். ஒருவர் கைத்தாங்கலாகப் பிடித்தால் கழிப்பறைவரை நடப்பாள். பிடிப்பதற்கு மெர்வினின் நடுங்கும் கைகள் உதவா. இரண்டு நிமிடம் நாற்பது நிமிடமாகும்போது படுக்கை நனையும். மூன்று முறை நனைந்ததும், இல்லத் தலைவி லெனோர் புன்னகையுடன் வந்து உட்கார்ந்தாள்.

"மெர்வின், செல்லம், எங்க பொண்ணுங்க நாப்பத்தெட்டு விநாடியில வந்துடறாங்க. அதுக்குள்ளயே அடக்க முடியலைன்னா அது உடம்புக் கோளாறு. நாமதான் ஏத்துக்கணும். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு டோரீனைக் கிழக்குக் கட்டடத்துக்கு, படுத்த படுக்கையா இருக்கறவங்க பக்கம், மாத்திடலாம்."

"நான்?"

"நீங்க இங்கதான். தினம் ரெண்டுலேருந்து நாலுவரைக்கும் போய்ப் பார்க்கலாமே!"

அறுபத்தொரு ஆண்டுகள் ஒரே அறையில் உறங்கிய தம்பதிக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம். சிறைவாசிக்குக் கிடைப்பதைவிடத் தாராளந்தான். மெர்வின் தம் குறிப்பேட்டை நீட்டினார். மணி அடித்த நேரம், அணைக்கப்பட்ட நேரம், ஆள் உண்மையில் வந்த நேரம் ஆகிய மூன்றையும் ஐந்து வாரங்களாக அவர் எழுதியிருந்தார். லெனோர் இரண்டு பக்கம் புரட்டினாள்.

"அழகான கையெழுத்து! ஞாபக சக்திக்கு இது ரொம்ப நல்ல பயிற்சி, விடாம எழுதுங்க" என்று அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை காலையில், பச்சைப் பொத்தானைத் தட்டவந்த பணிப்பெண் லிட்டியாவை மெர்வின் மறித்தார். ஃபிஜியிலிருந்து வந்தவள் அவள்; ஓடி ஓடிக் கால் வீங்கியவள்.

"எங்க சிக்னல் அறையில, வண்டி பிளாட்பாரத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே வந்துடுச்சுன்னு மணி அடிச்சா, மறுநாளே வேலை போயிடும். தெரியுமா?"

"இங்க அப்படி அடிக்கலைன்னாத்தான் வேலை போகும், பெரியவரே. இருபத்தாறு பேருக்கு நாங்க ரெண்டே பேரு. குளிப்பாட்டவா, சோறூட்டவா, மணிக்கு ஓடவா? முதல்ல அணை, அப்புறம் பாத்துக்கலாம்னு பயிற்சி வகுப்புலயே சொல்லிக் குடுத்தாங்க."

"அந்தப் பொத்தானுக்கு மேல என்ன எழுதியிருக்கு, படி."

'உதவி முடிந்த பின்னரே மணியை அணைக்கவும்' என்று எழுதியிருந்தது. எட்டு மாதமாக அந்த எழுத்துக்குக் கீழேயே விரலை வைத்தவள், அன்றுதான் அதைப் படித்தாள். நீட்டிய விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் அரசாங்க ஆய்வாளர் முன்னறிவிப்பின்றி வருவதாக இருந்தார். அவர் தங்கிய விடுதி லெனோரின் மைத்துனனுடையது என்பதால், முன்னறிவிப்பின்மை முந்தைய மாலையே இல்லத்துக்குத் தெரிந்துவிட்டது. காலை உணவில் உண்மையான வெண்ணெய் தோன்றியது. மேசைதோறும் பூக்கள் முளைத்தன. ஆட்கள் மட்டும் முளைக்கவில்லை.

ஆய்வாளர் கிரெட்டா வரவேற்பறைத் திரைமுன் நின்றாள். லெனோர் பெருமையுடன் கையை நீட்டினாள். திரை '9 நிமிடம்' என்றது. கண்ணெதிரே '14' ஆயிற்று.

"திரை பழுதுங்க" என்றாள் லெனோர்.

"எப்போலேருந்து?"

"இன்னைக்குக் காலையிலேருந்துதான்."

"அப்போ நேத்துவரைக்கும் சரியா இருந்துச்சு?"

"அச்சு அசலா!"

"வராந்தா முழுக்க சிவப்பு விளக்கா எரியுதே, அதுவும் பழுதா?"

லிட்டியாவும் அவள் தோழியும் அன்று ஒரே ஒரு குற்றம் செய்திருந்தார்கள்: விதிப்படி நடந்தார்கள். உதவி முடியுமுன் ஒரு மணியையும் அணைக்கவில்லை.

பதினான்காம் அறையில் டோரீன் இருபத்திரண்டு நிமிடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். "இன்னைக்கு நனைச்சா உன்னைப் பார்க்க நேரம் கேட்டுத்தான் வரணும், மெர்வ். செத்தாலும் விட மாட்டேன்" என்று காலையிலேயே சபதம் செய்திருந்தாள். ஆய்வாளரும் லெனோரும் உள்ளே நுழைந்தார்கள். பழக்கதோஷத்தால் லெனோரின் விரல் பச்சைப் பொத்தானுக்குப் போயிற்று.

"அது அப்புறம். முதல்ல அவங்க" என்றாள் கிரெட்டா.

வேறு ஆள் இல்லை. பட்டுச்சட்டையின் கையை மடித்துக்கொண்டு, லெனோரே டோரீனைத் தாங்கிக் கழிப்பறைக்கு நடத்தினாள்.

"மெதுவா, லெனோர். முதல் தடவைன்னா படபடப்பாத்தான் இருக்கும்" என்று தேற்றினாள் டோரீன்.

படுக்கையில் ஒரு துளி ஈரமில்லை. கிரெட்டா மெர்வினின் குறிப்பேட்டையும் கணினிப் பதிவையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். ஐந்து வாரங்களில் முதன்முறையாக அன்றுதான் இரண்டும் ஒத்திருந்தன. பதினொரு மணிக்குக் கையெழுத்தாகவிருந்த இடமாற்றத் தாளை அவள் தன் கோப்பில் சொருகிக்கொண்டாள்.

டோரீன் பதினான்காம் அறையிலேயே இருக்கிறாள். காலைநேரப் பணிக்கு மூன்றாவது ஆள் வந்திருக்கிறாள். 'பழுதான' திரை கழற்றப்பட்டு, அங்கே பொன்னிற அந்திவானப் படம் ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் அதைப் பார்த்து மனம் குளிர்ந்து கையெழுத்திடுகிறார்கள்.

மெர்வின் மட்டும் இரண்டாவது குறிப்பேடு வாங்கியிருக்கிறார். ஞாபக சக்திக்கு நல்லதாமே.