சூட்டோடு நிற்கக்கூடாது

“பிரேக் பிடிக்கேல்லை மாமா” என்று சாரங்கா சிரித்துக்கொண்டு சொன்னபோது நான் ஒரு லொறிக்குக் கீழே படுத்திருந்தேன். திடுக்கிட்டு எழும்பியதில் நெற்றி இரும்பில் அடிபட்டது. எங்கள் குடும்பத்தில் அந்த இரண்டு சொற்களையும் பதினாறு வருடங்களுக்கு முன் முதலில் சொன்னவன் நான். அது பொய். என் பொய் அவள் வாயால் திரும்பி வந்தது.

அவள் சொன்னது உண்மை. தெற்கே ஓர் ஓட்டத்திடலில் மாதத்தில் ஒரு நாள் யாரும் தங்கள் காரைக் கொண்டுபோய் இஷ்டத்துக்கு ஓடிப் பார்க்கலாம். போட்டியும் இல்லை, பரிசும் இல்லை. ரயர் தேய்வதுதான் மிச்சம். அங்கே நேர்ப்பாதையின் முடிவில் அவள் மிதித்த பெடல் அப்படியே தரைக்குப் போயிருக்கிறது. கார் வளைவில் திரும்பாமல் புல்லுக்குள் இறங்கி நின்றிருக்கிறது. இதையெல்லாம் ஏதோ கலியாண வீட்டுக்குப் போய் வந்த கதை போலச் சொன்னாள்.

சாரங்கா என் மனைவி ராஜினியின் தம்பி சுமனின் மகள். தாய் பாம்பு கடித்து இறந்தபோது அவளுக்கு நாலு வயது. தகப்பன் காணாமல் போனபோது பதினொன்று. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அன்றிலிருந்து அவள்தான் எங்கள் பிள்ளை. மொறட்டுவையில் பொறியியல் படித்தாள். இப்போது கிளிநொச்சியில் எங்கள் வீட்டு அறைக்குள் இருந்தபடி கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வேலை செய்கிறாள். விபத்துப்பட்டு ஒதுக்கிப்போட்ட பழைய யப்பான் கார் ஒன்றை வாங்கி வந்தாள். இரண்டு பேர் மட்டும் இருக்கலாம், கூரையை மடிக்கலாம். மூன்று வருடம் என் கராஜில் இருவருமாகத் தட்டி நிமிர்த்தினோம்.

இந்த ஊரில் என்னை ‘பிரேக்’ ஜனா என்பார்கள். ஜனார்த்தனன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எஞ்சின் புகைத்தாலும் பரவாயில்லை என்று விடுவேன். பிரேக் பாட் தேய்ந்த முச்சில்லு ஓட்டோ ஒன்று வந்தால் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஏசுவேன். காரணம் தங்களுக்குத் தெரியும் என்று சனம் நினைக்கிறது. பாவம், அந்தக் காலத்தில் பிரேக் பிடிக்காமல் மச்சானைப் பறிகொடுத்தவன் என்று இரக்கப்படுகிறார்கள். அந்த இரக்கத்தை நான் பதினாறு வருடமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

நடந்தது இதுதான். இரண்டாயிரத்து ஒன்பது, தை மாதக் கடைசி. விசுவமடுவிலிருந்து சனம் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. இடம் பார்க்க சைக்கிளில் முன்னே போன சுமன், உடையார்கட்டுச் சந்தியில் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தான். என் வான் வண்டிக்குள் மூட்டை முடிச்சுகளுக்கிடையே ராஜினியும் சாரங்காவும் அயலட்டைச் சனமும். சந்தியில் அவன் நின்றான், கையைக் காட்டினான். அந்த நேரம் முன்னால் ஒரு ஷெல் விழுந்தது. நான் நிறுத்தவில்லை. சுமன் நின்ற இடத்தில் ஏன் நிறுத்தவில்லை என்று ராஜினி குழறியபோது, பிரேக் பிடிக்கவில்லை என்றேன்.

எல்லோரும் நம்பினார்கள். ஏன் நம்பமாட்டார்கள்? வன்னிக்குள் பொருட்கள் வரத் தடை இருந்த காலம் அது. மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. பிரேக் ஒயில் இல்லாமல் சவர்க்காரத் தண்ணீர் விட்டு ஓடிய வாகனங்கள் எத்தனையோ. அடுத்த நாள் நான் நடந்து திரும்பிப் போனேன். சைக்கிள் கிடந்தது. சுமன் இல்லை, உடலும் இல்லை. ராஜினி இன்றைக்கும் தம்பியின் படத்தைத் தூக்கிக்கொண்டு, காணாமல் போனவர்களின் உறவினர் போராட்டம் இருக்கும் கொட்டிலுக்குப் போய் வருகிறாள்.

நானும் அவனைக் காண்கிறேன். வேலை முடித்த வாகனத்தை ஓடிப் பார்க்கும்போது, முதல் தரம் பிரேக்கை மிதிக்கிற இடத்தில் சுமன் நிற்பான். நீலக் கட்டம் போட்ட சாரம், இடுப்பில் சாய்த்த சைக்கிள், தூக்கிய கை. எனக்கு மயிர் நரைத்துவிட்டது. அவனுக்கு இன்னும் முப்பத்தாறு வயது. பேய் என்று சொல்லமாட்டேன். பேயென்றால் கழிப்புக் கழித்துத் துரத்திவிடலாம். இவன் என்னைப் பயமுறுத்துவதே இல்லை, நிறுத்துவேன் என்ற நம்பிக்கையோடு சும்மா நிற்கிறான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது அவன் மகளின் காரில் பிரேக் போயிருக்கிறது. நான் விட்ட சாதாரண பிரேக் ஒயில்தான் ஓட்டத்திடலின் சூட்டில் கொதித்திருக்கிறது. கொதித்தால் குமிழி வரும். பெடலை மிதிக்க மிதிக்கக் குமிழிதான் நசியும். முதலில் கூடிய சூடு தாங்குகிற ஒயிலுக்குச் சொன்னேன். பிறகு, சில்லோடு சுழலும் டிஸ்க்கைக் கடித்து நிறுத்துகிற பாட் பற்றிய சண்டை தொடங்கியது.

அவளுக்கு ஓட்டப்பந்தயக் கார்களுக்குப் போடும் பாட்தான் வேண்டுமாம். எவ்வளவு சூட்டிலும் கைவிடாது என்று மடிக்கணினியைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். நான் விடவில்லை. அந்தச் சாமான் சூடேறினால்தான் கடிக்கும், குளிரில் மரக்கட்டை. திடலுக்குப் போய்ச் சேர ஒரு பகல் ஓட வேண்டும். கனகராயன்குளத்தடியில் மாடு குறுக்கே வந்தால், கொஞ்சம் பொறு, பாட் சூடாகட்டும் என்று மாட்டிடம் சொல்ல முடியுமா? கடைசியில் இரண்டுக்கும் நடுவான கலவைக்கு இறங்கி வந்தாள். முன்னுக்கு அது, பின்னுக்கு அதைவிடக் கடி குறைந்தது. பின்சில்லு முந்திப் பூட்டிக்கொண்டால் கார் சுழன்றுவிடும்.

ரயரிலும் அதே கூத்து. பள்ளம் குறைந்த, றோட்டில் பசைபோல் ஒட்டுகிற வகையை அவள் கேட்டாள். அந்த ரயர் பிடியை விடும் வரைக்கும் வாயைத் திறக்காது, விட்டால் ஒரேயடியாக விட்டுவிடும் என்றேன். நல்ல றோட்டு ரயர் முன்கூட்டியே கத்தும். பழகுகிறவளுக்கு அந்தக் கத்தல்தான் வாத்தியார். மழைக்கும் அதுதான் நல்லது. வவுனியாவில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் நளீர் முதலில் அனுப்பிய நான்கு ரயர்களின் பக்கவாட்டில் இருந்த திகதி இலக்கத்தைப் பார்த்தேன். ஏழு வருடப் பழசு; றப்பர் காய்ந்து இறுகியிருந்தது. தொலைபேசியில் நான் ஏசிய ஏச்சுக்கு நளீர் பாவம் மறுபேச்சில்லாமல் புதிது அனுப்பினான்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. திடலுக்கு வருகிற மற்றவர்கள் சுற்றுக்கு எத்தனை நிமிடம் என்று எழுதி வைப்பார்களாம். சாரங்கா எழுதி வைப்பது நிறுத்துகிற தூரம். எந்த வேகத்தில் மிதித்தால் எத்தனை மீற்றரில் நிற்கிறது என்று ஒரு கொப்பி நிறைய.

புதுப் பாட் போட்டால் அதை டிஸ்க்கோடு பழக்கிப் பதிக்க வேண்டும். வெறுமையான றோட்டில் நூறு கிலோமீற்றர் வேகம் வரைக்கும் போய் இருபதுக்கு இறக்கி, திரும்ப நூறு. இப்படிப் பத்துத் தரம். அதன் பிறகு பத்துப் பதினைந்து கிலோமீற்றர் மெதுவாக, பிரேக்கைத் தொடாமல் ஓடி ஆறவிட வேண்டும். சூட்டோடு மட்டும் நிற்கக்கூடாது. நின்றால் பாட் டிஸ்க்கில் ஒட்டி அடையாளம் விழும். பிறகு மிதிக்கும்போதெல்லாம் பெடல் உதறும். பயணத்துக்கு முன் இதை அவளுக்கு மூன்று தரம் சொன்னேன்.

பாட் பதிக்கச் சனிக்கிழமை விடிந்ததும் புறப்பட்டோம். அவள்தான் ஓடினாள். பரந்தனில் இடப்பக்கம் திரும்பி, பூநகரி றோட்டில் பதிக்கலாம் என்று பேசியிருந்தோம். பரந்தனில் அவள் வலப்பக்கம் திருப்பினாள். அது முல்லைத்தீவு றோட்டு. வேறு வழியிருந்தால் நான் அந்தப் பக்கம் போவதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, இந்தப் பக்கம் றோட்டு நல்லது என்று மட்டும் சொன்னாள்.

தருமபுரம் தாண்டி வெட்டைவெளியில் பத்துத் தரமும் மிதித்தாள். இருக்கைப் பட்டி நெஞ்சை இறுக்கியது. ரயர் ஒவ்வொரு தரமும் சின்னதாகக் கத்திப் பிடித்தது. பாட் எரிந்த மணம் மூக்கில் அடித்தது. முதல் மிதியில் சுமனை எதிர்பார்த்தேன். அவன் வரவில்லை. பத்துத் தரத்திலும் வரவில்லை. அப்போதுதான் எனக்கு உண்மையில் பயம் பிடித்தது. அவன் தன்னுடைய இடத்தில் நிற்கிறான், அங்கேதான் போகிறோம் என்று பட்டது.

ஆறவிடும் ஓட்டம் தொடங்கியது. விசுவமடுக் கடைகளையும், பள்ளிக்கூட மதிலையும், கால்களைத் தொங்கவிட்டபடி உழவு இயந்திரப் பெட்டியில் இருந்த சனத்தையும் மெதுவாகக் கடந்தோம். உடையார்கட்டுச் சந்தி வந்தபோது நான் என் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தி தாண்டியதும் சாரங்கா கதைக்கத் தொடங்கினாள். நிற்க முடியாத காரில் இருந்து இறங்கிப் போகவும் முடியாது. அதைத் தெரிந்துதான் அவள் இந்த நேரத்தைப் பார்த்திருந்தாள்.

“மாமா, அண்டைக்கு வானுக்குள்ள நான் கீழே உங்கட காலடியில இருந்தனான். நினைவிருக்கோ?”

இருந்தது. யன்னலால் துப்பாக்கிச் சன்னம் வரும் என்று பிள்ளையைத் தரையில் இருத்தியவன் நானே.

“உங்கட காலைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டிருந்தனான். ஷெல் விழ இன்னும் இறுக்கினன். நீங்கள் காலை எடுக்கப் பாத்தனீங்கள், நான் விடேல்லை. அதாலதானே உங்களுக்கு மிதிக்க ஏலாமப் போனது. மாமி கேக்க, என்னைக் காட்டிக் குடுக்காமல் பிரேக் பிடிக்கேல்லை எண்டு சொன்னனீங்கள். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உங்களுக்காவது சொல்லோணும் எண்டு இருந்தது.”

முகத்தைத் திருப்பவில்லை, றோட்டைப் பார்த்தபடியே சொன்னாள். பதினொரு வயதிலிருந்து இந்தப் பிள்ளை தகப்பனைத் தானே கொன்றதாக எண்ணிக்கொண்டு எங்கள் வீட்டில் சோறு சாப்பிட்டிருக்கிறாள். அந்தக் கொப்பி, காரைப் புல்லுக்குள் விட்டது, அந்தச் சிரிப்பு எல்லாம் எதற்கென்று இப்போது விளங்கியது. என் பொய்க்குள் இன்னொருத்தி குடியிருந்தது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் எனக்கு ஆசை வந்தது. போனது போகட்டும் பிள்ளை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தன்னைக் காப்பாற்றப் பழியைச் சுமந்த மாமா என்று சாகும் வரைக்கும் என்னை வைத்துக் கும்பிடுவாள். உண்மையைச் சொன்னால் எனக்கு இருக்கிற ஒரே பிள்ளை போய்விடும். ஒரு கிலோமீற்றர் அப்படியே போனது. பிறகு சொன்னேன்.

“நான் காலை எடுக்கப் பாக்கேல்லை, பிள்ளை. கால் நடுங்கினது. அதைத்தான் நீ அப்பிடி நினைச்சிட்டாய். உன்ர பிடியில என்ர கால் நிக்குமே? பிரேக்கும் நல்லாத்தான் இருந்தது. ஒளிச்சு வைச்சிருந்த அரைப் போத்தல் ஒயிலை அண்டைக்குக் காலமைதான் விட்டனான். நான் மிதிக்கேல்லை. பயத்தில மிதிக்கேல்லை.”

கார் நின்றது. அவள் ஒரே மிதியில் நிறுத்திவிட்டாள். “நிக்காதை, சூடு” என்று என் வாய் தன்பாட்டில் சொன்னது. சொன்ன வாயை அறுத்தெறியலாம் போல இருந்தது. முன்சில்லுகளிலிருந்து புகை எழும்பியது. அவள் பெடலிலிருந்து காலை எடுக்கவே இல்லை.

“அப்பா உங்களைக் கண்டவரோ?”

“ஓம்.”

“என்னைக் கண்டவரோ?”

இல்லை என்றேன். கையைக் காட்டிய பிறகு அவன் குனிந்து வானுக்குள் பார்த்தான். அவளைத்தான் தேடினான். அவள் கீழே இருந்தது அவனுக்குத் தெரியவில்லை. இதை நான் எனக்குள்கூட ஒருநாளும் சொல்லிப் பார்த்ததில்லை.

சாரங்கா ஸ்ரியறிங்கில் நெற்றியை வைத்து அழுதாள். அந்த அழுகையில் தேறுதல் எவ்வளவு, என்மேல் வெறுப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. இரண்டும் இருந்தன. அவள் தோளைத் தொடும் உரிமை எனக்கு இல்லாததால் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “மாமிக்கு நீங்கள்தான் சொல்லோணும், இண்டைக்கே சொல்லோணும்” என்றாள். காரைத் திருப்பினாள். வழி முழுக்க அவள் மிதிக்கும்போதெல்லாம் பெடல் உதறியது.

வீட்டில் ராஜினி குசினித் தரையில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். சாரங்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் போய் ராஜினிக்கு முன்னால் தரையில் இருந்தேன். கதிரையை விட்டுவிட்டு நான் கீழே இருந்ததை அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள்.

“சுமனைப் பற்றி ஒண்டு சொல்லோணும்” என்றேன்.

ராஜினியின் கை நின்றது. தேங்காய்ப் பாதி மடியில் விழுந்தது. என்னைப் பார்த்தாள், வாசலில் அழுத முகத்தோடு நின்ற சாரங்காவைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் நான் காணாத ஒரு சந்தோஷம் அவள் முகத்தில் மெல்லப் பரவியது.

“தம்பியை ஆரும் கண்டவையோ?” என்று கேட்டாள்.