உள்பக்க விரிசல்

கார் முன்கண்ணாடியில் கல் பட்டுவிட்டது என்றுதான் கண்ணாடிக்காரனிடம் அவன் தங்கையின் புருஷன் சொன்னான். முன்னால் போன லாரியின் சக்கரம் வாரியடித்ததாம். மச்சானே கண்ணாடிக் கடை வைத்திருக்கும்போது வேறு கடைக்குப் போனால் ஊர் சிரிக்காதா என்றும் சேர்த்துக்கொண்டான். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் மாப்பிள்ளை முறுக்கு இறங்கவில்லை.

தங்கை இறங்கிப் போய்ப் பசை டப்பாக்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். துப்பட்டாவைப் புருவம்வரை இழுத்து விட்டிருந்தாள். அண்ணன் கேட்டதற்கு வெயில் என்றாள். கடைக்குள் ஏது வெயில்?

விரிசல் சிலந்திவலை போல் பரவியிருந்தது, ஓட்டுபவனுக்கு நேராக அல்ல, பக்கத்து இருக்கைக்கு நேராக. கார் கண்ணாடி இரண்டு அடுக்கு, நடுவில் பிளாஸ்டிக் தாள். கல் வெளியடுக்கைத்தான் கொத்தும்; பசை இறக்கி ஒட்டிவிடலாம். உள்ளடுக்கு போனால் மாற்றித்தான் ஆகவேண்டும். கண்ணாடிக்காரன் கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தடவினான். வெளியே பள்ளமே இல்லை. கண்ணாடி வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தது. உள்ளே நகம் தடுக்கியது. கண்ணைத் திறந்தான். விரிசலில் ஒரு நீள முடி சிக்கியிருந்தது, அடியில் காய்ந்த ரத்தம்.

“மாத்தணும் மாப்ள.”

ஒட்டினால் போதாதா, உனக்கு வேலை இல்லையென்று என் தலையில் கட்டுகிறாயா என்று அவன் சிரித்தான். கண்ணாடிக்காரன் ஓரத்துப் பசையைத் துளைத்துக் கம்பியை நுழைத்தான். அந்தக் கம்பியை உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் மாறி மாறி இழுத்தால் பசை அறுந்து கண்ணாடி கழன்று வரும். உள்ளே, பக்கத்து இருக்கையில் உட்காரச் சொன்னதும் மாப்பிள்ளை உட்கார்ந்தான்.

கம்பி முனையில் மாட்டும் கைப்பிடியை நீட்டியபோது, “எனக்கென்ன கை இல்லையா?” என்று கம்பியை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டான். அப்படிச் சுற்றக் கூடாது என்று எல்லாரிடமும் சொல்லும் கண்ணாடிக்காரன், இன்று சொல்லவில்லை.

மூன்று பக்கம் அறுந்தது. நாலாவது பக்கத்தில் கண்ணாடிக்காரன் பம்பரில் காலை ஊன்றி, உடம்பு மொத்தத்தையும் பின்னால் சாய்த்து இழுத்தான். கம்பி சதைக்குள் இறங்கியது. மாப்பிள்ளையின் முகம் அந்த விரிசலிலேயே போய் மோதியது. மூக்கு உடைந்து ரத்தம் டாஷ்போர்டில் வழிந்தது.

“எந்த லாரி மாப்ள?”

அவன் அலறினான். ஏதோ கோபத்தில் ஒரே ஒரு தடவை தலையைப் பிடித்துத் தள்ளிவிட்டதாகச் சொன்னான். கண்ணாடிக்காரன் இன்னொரு இழுப்பு இழுத்தான். எலும்பில் கம்பி உரசுவது கைப்பிடியில் தெரிந்தது. இன்னும் ஒன்று போதும், விரல்கள் கீழே விழும்.

மணிக்கட்டை யாரோ பற்றினார்கள். தங்கை. துப்பட்டா நழுவியிருந்தது, நெற்றியில் தையல், ஒரு கண் மூடி வீங்கியிருந்தது.

“நீ ஜெயிலுக்குப் போயிட்டா நான் எந்த வீட்டுக்குண்ணா வருவேன்?”

கம்பி தளர்ந்தது.

மாப்பிள்ளை கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இறங்கினான். கெட்ட வார்த்தையில் திட்டி அவளைக் கூப்பிட்டான். அவள் அசையவில்லை. ரத்தம் சொட்டச் சொட்ட ஆட்டோ தேடித் தெருவில் ஓடினான்.

தங்கை காருக்குள் ஏறினாள், அவன் உட்கார்ந்த அதே இடத்தில். கைப்பிடியைக் கேட்டு வாங்கி மாட்டினாள். அண்ணனும் தங்கையும் மாறி மாறி இழுத்தார்கள். கண்ணாடி முழுசாகக் கழன்றது.

“முடிய எடுத்துடாதண்ணா. ஸ்டேஷன்ல காட்டணும்.”

“அவன் கையப் பத்தியும் கேப்பாங்க பாப்பா.”

“கேக்கட்டும்,” என்றாள். “அதையும் சொல்லிடுவோம்.”

இருவரும் ஆளுக்கொரு ஓரம் பிடித்துக் கண்ணாடியைக் கடை வண்டியில் ஏற்றினார்கள்.