இரண்டாவது டப்பா

"அங்க இல்ல. கொஞ்சம் கீழ. ம்… அங்கதான். நல்லா அமுக்கு."

அப்பா சட்டையை மார்புவரை தூக்கிவிட்டுக்கொண்டு கட்டிலில் மல்லாந்து கிடந்தார். மகள் இரண்டு விரல்களை அவர் தொப்புளுக்கு இடப்பக்கம் வைத்து அழுத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம், கூடத்தில், அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். நாலு மணிக்கு வண்டி வரும். இப்போது மணி மூன்றே முக்கால். வருகிறவர்கள் எல்லாம் "அப்பா எங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டிருக்க, அவர் தன் வயிற்றோடு உள்ளே வந்து படுத்துவிட்டார்.

"கட்டி மாதிரி ஏதாவது தட்டுப்படுதா?"

"இல்லப்பா."

"அவசரப்படாத. காலையிலேருந்து ஒரு மாதிரி இழுக்குது."

"காலையிலேருந்து நீங்க ஒண்ணும் சாப்பிடல. பசிப்பா அது."

"பசி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்டாட்டி செத்து ஒரு நாள்கூட ஆகவில்லை. இன்றைக்கு ஒரு நாளாவது அந்த வயிறு சும்மா இருக்கக் கூடாதா? அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதிக்கும் மனிதர்களுக்குப் பக்கத்தில் பதினான்கு வருடமாக உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்தே உயிர் பிழைத்து வருகிறாள். அப்பா வயிற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், வீட்டில் வெறும் தரையில்கூட அவள் வலது கால் தானாக அழுந்தும்.

அப்பா எடைக்கல், தராசு சோதிக்கும் இன்ஸ்பெக்டராக இருந்தவர். அரை கிராம் வித்தியாசம் என்றாலும் முத்திரை குத்தாமல் திரும்பிவிடுவார். ஓய்வு பெற்ற மறுமாதம், சோதிக்கத் தராசு இல்லாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டார். வலியா என்றால் வலி இல்லை. எரிச்சலா என்றால் அதுவும் இல்லை. 'ஒரு மாதிரி' இருக்கிறது, அவ்வளவுதான். அந்த 'ஒரு மாதிரி'க்கு எந்த டாக்டராலும் பெயர் வைக்க முடியவில்லை. அம்மாதான் வைத்தாள். "என்ன, உங்க சின்ன வீடு இன்னிக்கு என்ன சொல்லுது?" என்று கேட்டுக்கொண்டேதான் காலையில் காபியை நீட்டுவாள். கேலி என்றுகூடப் புரியாமல் அவர் விவரமாகப் பதில் சொல்வார்.

போன வருடம் ஒரு டாக்டர், இவர் தொல்லை தாங்காமல், மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் போகிறதா என்று பார்க்க ஒரு சோதனை எழுதிக் கொடுத்தார். ரிப்போர்ட்டில் ரத்தம் இருப்பதாக வந்தது. உடனே குழாய் விட்டுக் குடல் முழுவதும் பார்த்தார்கள். துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். திரும்ப ஒரு முறை சோதித்ததில் ரத்தமே இல்லை. "முதல் ரிப்போர்ட் தப்பா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆறு மாசம் கழிச்சுப் பாக்கலாம்" என்றார் டாக்டர். அந்த 'இல்லாமலும்' ஒன்று போதாதா அப்பாவுக்கு? மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்கினார். பச்சை ஃபைலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே அம்மா. அவர் உள்ளே போனால் அவள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்.

அந்த அம்மாவைத்தான் பத்து நாள் முன்பு குடல் அடைப்பு என்று சேர்த்தார்கள். திறந்து பார்த்துவிட்டு, புற்று ரொம்ப நாளாக வளர்ந்திருக்கிறது, ஈரல்வரை போய்விட்டது என்றார்கள்.

முந்தாநாள் அப்பா மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து, அம்மா மகளைக் கிட்டே கூப்பிட்டாள்.

"போன வருஷம் அவரு டப்பா கொண்டுபோனேன் பாரு, ஞாபகம் இருக்கா? மூணு நாள் பாத்ரூமே கதின்னு கிடந்துட்டு, கடைசியில அவரு குடுத்தது கடுகளவுடி. ரெண்டு பஸ் மாறிப் போறேன். அந்த லேப் பொண்ணு மூடியைத் திறந்து பாத்துட்டு, 'பத்தாது, இன்னொரு நாள் வாங்க'ங்கறா. மறுபடியும் மூணு நாள் அந்தக் கூத்தான்னு எனக்கு வந்துச்சு பாரு கோவம்! அவரு வெளியிலதான் நிக்கறாருன்னு ஒரு புளுகு புளுகி, புது டப்பா வாங்கிக்கிட்டு, அங்கேயே பாத்ரூமுக்கு நான் போயிட்டேன்."

மகள் சிரித்துவிட்டாள். அம்மாவும் சிரித்தாள், தையல் போட்ட வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு.

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே. நார்மல்னு வந்துட்டா ரெண்டு மாசமாவது வீட்டுல நிம்மதின்னு நெனச்சேன்."

சிரித்துக்கொண்டிருக்கும்போதே மகளுக்குச் சிரிப்பு நின்றது.

"அப்ப அந்த ரத்தம்…"

"மூலம்னு நெனச்சேன்டி. நீ பொறந்ததுலேருந்து இருக்கறதுதானே. அதுக்குள்ள அவருக்குக் குழாய் விடணும்னுட்டாங்க. சரி, அவரு கவலை முதல்ல தீரட்டும்னு இருந்தேன்."

"ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"என்னன்னு சொல்ல? அவரு டப்பாவுல நான் போனேன்னா?"

பிறகு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "அவருக்கு ஒண்ணும் இல்லைன்னு நீ சொல்லிடு. இல்லைன்னா பயந்தே செத்துடுவாரு."

இரண்டு நாளாக மகள் அதை யாரிடமும் சொல்லவில்லை. யார்மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. அம்மாமேலா? அப்பாமேலா? போன வருடம் ஒருநாள் அம்மா போன் செய்து "ஒரு விஷயம்டி, வயிறு…" என்று ஆரம்பித்தபோது, "அப்பா வயித்தைப் பத்தின்னா நாளைக்குப் பேசலாம்மா, கிளாஸ் இருக்கு" என்று வைத்தவள் அவள்தான். மறுநாள் அவளும் கூப்பிடவில்லை, அம்மாவும் கூப்பிடவில்லை.

அப்பா எழுந்து உட்கார்ந்து, தலையணைக்கு அடியிலிருந்து பச்சை ஃபைலை எடுத்தார்.

"எனக்கு வந்திருக்க வேண்டியது அவளுக்கு வந்துடுச்சு. ரிப்போர்ட்டுல ரத்தம்னு எனக்குத்தானே வந்துச்சு? அவ ஒரு நாள் வயிறுன்னு சொன்னதில்ல."

"சொல்ல நீங்க எங்க விட்டீங்க?"

சொல்லிய பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. அப்பா ஃபைலின் நுனியை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அத்தை கதவைத் தட்டினாள்.

"எவ்வளவு நேரம்டா? எல்லாரும் உன்னைத்தான் கேக்கறாங்க."

"இதோ வரேன்க்கா."

அத்தையின் காலடி நகர்ந்ததும் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு மட்டும் யாராவது சொல்லிட்டாப் போதும். தராசு முள்ளு சும்மா நகராது. எங்கேயோ எடை இருந்தாத்தான் நகரும். அந்த ரத்தம் எங்கேருந்து வந்துச்சு?"

பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம். சொல்லிவிட்டால் அந்த வயிறு இனி ஜென்மத்துக்கும் வாய் திறக்காது. சொல்லிவிடும் அளவுக்குக் கோபமும் இருந்தது. அவள் கால் தரையை அழுத்தியது.

"லேப்ல டப்பா மாறிடுச்சுப்பா."

"யாரு சொன்னா?"

"அம்மாதான். ஆஸ்பத்திரியில. உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லச் சொன்னா."

"மாறிடுச்சா? அப்ப அது வேற யாரோடதோ?"

"ஆமா."

அப்பாவின் முகம் தளர்ந்தது. ஒரு வருடமாக வயிற்றை விட்டுப் பிரியாத கை மடியில் விழுந்தது. அவள் எழுந்தாள். கதவருகே போவதற்குள் அவர் மறுபடி கூப்பிட்டார்.

"அப்ப அந்த ஆளுக்கு நார்மல்னு போயிருக்குமே?"

அவள் திரும்பவில்லை.

"ஒரு வருஷம் ஆச்சும்மா. ஒண்ணும் இல்லைன்னு வீட்டுல நிம்மதியா இருந்திருப்பாங்க. அவங்ககிட்ட யாராவது சொன்னாங்களா?"

"தெரியலப்பா."

"தெரியலைன்னா? ஒரு உயிரு இல்லையா?" கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரிப்போர்ட்டின் மேல் வரியில் விரலை வைத்தார். "லேப் நம்பர் இதுல இருக்கு. போனைக் குடு."

"அப்பா, வண்டி வர்ற நேரம்."

"அப்ப நாளைக்குக் காலையில மொத வேலை இதுதான். நீ காரை எடுத்துட்டு வந்துடு. ஆளைக் கண்டுபிடிச்சாகணும். இப்பப் பாத்தாக்கூடக் காப்பாத்திடலாம்."

அவள் சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அப்பா சட்டையை இறக்கிவிட்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தார். நாற்காலிகள் ஒதுங்கி வழிவிட்டன. அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தார். நாற்பது வருடத்தில் அவர் எந்தச் செய்தியையும் அவளுக்கு முன்னால் வேறு யாரிடமும் சொன்னதில்லை. அவள் காதருகே குனிந்தார். ஒருவழியாக அழப்போகிறான் என்று நினைத்து அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"என்னோடது இல்லையாம்" என்றார் அப்பா. "யாரோடதோ. பாவம்."

வெளியே வண்டி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது. கதவோரம் நின்ற மகளின் வலது கால் தரையை அழுத்தியது. வண்டி நின்ற பிறகும் அவள் காலை எடுக்கவில்லை.