பீலிக்கு மேலே ட்ரோன்

குண்டசாலையில் கணக்காளராக இருக்கும் அனற், பொழுதுபோக்குக்காக ஒரு ட்ரோன் வாங்கியிருந்தாள். அதைப் பறக்கவிட அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். முதலில் கை பழகட்டும், பிறகு விண்ணப்பிக்கலாம் என்று நினைத்தாள்.

புசல்லாவைத் தோட்டத்திலிருந்த சித்தி தெரேசாவைப் பார்க்கப் போனபோது அதையும் கொண்டுபோனாள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னாலிருந்து பறக்கவிட்டு, தேயிலை மலையைப் படமெடுத்தபடி பள்ளத்தை நோக்கி இறக்கினாள். அங்கே ஊற்றுத் தண்ணீர் குழாய்வழி கொட்டும் பீலியில் பெண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேல் இரைச்சல் கேட்டதும் ஈரத்துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு அலறி ஓடினார்கள். ஒருத்தி வழுக்கி விழுந்தாள்.

அனற் பதறிப்போய் ட்ரோனைத் திருப்பினாள். விழுந்த பெண் முழங்காலில் இரத்தம் கசிய மேலே ஏறி வந்தாள்.

"எவன்டா அது படம் புடிச்சவன்?"

"நான்தாங்கக்கா. நீங்க குளிக்கிறது தெரியாமப் போச்சு. எல்லாத்தையும் அழிச்சிட்டேன், பாருங்க."

அனற் நீட்டிய ட்ரோன் திரையை அந்தப் பெண் பார்க்கவில்லை. அனற்றையே பார்த்தாள்.

"பொம்பளப் புள்ளயாம்மா நீ?"

அதற்குமேல் அவள் ஏசவில்லை. சித்தி அந்தப் பெண்ணின் காலைக் கழுவத் தண்ணீர் கொண்டுவந்தாள். அனற் கூசிப்போய் நின்றாள்.

மறுநாளே விண்ணப்பித்தாள். அனுமதிப்பத்திரம் வந்தபோது கணவன் கிளறன்ஸுக்கு ஒரே சந்தோஷம்.

"இனி பயமில்ல. சித்தி வீட்டுக்குக் கொண்டுபோவோமா?"

"அங்க மட்டும் வேணாங்க" என்றாள். ஏன் என்று அவன் கேட்டான். அவள் அனுமதிப்பத்திரத்தை மடித்து ட்ரோன் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.